உமிழ்நீரில் தேடும் வம்சவழி

ஸ்பென்சர் வெல்ஸ் என்னும் அமெரிக்க மரபியல் அறிஞர் எழுதிய 'மனிதனின் பயணம்' என்னும் ஆங்கில நூல் 2002-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே தலைப்பில் அவரே தோன்றி விளக்கும் ஆவணப்படம் அடுத்த ஆண்டு தொலைக்காட்சியில் காட்டப்பெற்றது. டேனி ஷாப்பிரோ என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் தம் வாழ்வில் நேர்ந்ததையே பொருளாகக் கொண்டு எழுதிய நூல் 2019-இல் வந்தது. அதன் தலைப்பைத் தமிழில் 'மரபுரிமை' எனலாம். இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. முன்னது ஓர் அறிவியல் மகிழ்ச்சியில் பிறந்தது. பின்னதோ, அம்மகிழ்ச்சி வணிகச் சரக்காகி வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட பிறகு ஒரு குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்வது.

மேலைநாட்டு நூல்கள் இரண்டைப் பற்றித் தமிழ்க் கத்தோலிக்க இதழொன்றில் இவ்வளவு எழுத வேண்டுமா எனச் சிலர் கருதலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் டொரண்டோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது பெற்றோருக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கி வந்த காலம் போய், இப்போது ஒரு சிறு நெகிழிக் குழாயும் கொண்டுவருகிறார்கள். "சாமி, இதிலே எச்சிலைத் துப்பிக் கொடு என்கிறான் பிள்ளை. கொடுக்கலாமா, தப்பில்லையே?" என்று திருப்பலி முடிந்து திருப்பொருள் அறை வாயிலில் நின்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. கேள்வி நம் முற்றத்துக்கே வந்துவிட்டபடியால் இந்நூல்களைத் தள்ளிவைக்க இயலவில்லை.

வெல்ஸின் நூலை முதலில் பார்ப்போம். ஆணின் உடலில் மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரிதும் மாறாமல் செல்கிறது. எப்போதோ ஒருமுறை அதில் ஓர் எழுத்து பிறழ்கிறது. அப்பிழை, பிழை நேர்ந்தவருடைய ஆண்வழிச் சந்ததி முழுவதிலும் தொடர்கிறது. ஏடு பெயர்த்தெழுதுவோர் ஒருவர் செய்த பிழையை வைத்து எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டது எனக் கண்டறிவார்களே பதிப்பாசிரியர்கள், அதே முறைதான் இது. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட மனிதர் கடற்கரை வழியே இந்தியா வந்து ஆஸ்திரேலியா வரை சென்றனர் என்பது வெல்ஸின் கருத்து. அவ்வழியில் சென்றோரின் அடையாளம் எம்-130 எனப்படும் பிறழ்வு. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடம் காணப்படும் அக்குறியின் தடம் வழியிலுள்ள இந்தியாவில் எங்கே? மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் தென்மாவட்டங்களில் திரட்டியிருந்த குருதி மாதிரிகளில் அது கிடைத்தது. மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பிரமலைக் கள்ளர் குலத்தைச் சேர்ந்த ஆடவர் ஒருவரைத் தேடிச் சென்று, ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுக்கு முன் அவ்வழியே சென்றவர்களின் குறி அவர் உடலில் இருப்பதாகப் படத்தில் தெரிவிக்கிறார் வெல்ஸ். பின்னாளில் செய்தித்தாள்கள் அவருக்கு 'முதல் இந்தியர்' எனப் பட்டம் கட்டின. அவர் பெயரை நாம் இங்கே எழுதப்போவதில்லை. அவர் கேட்டு வாங்கிய பட்டம் அன்று அது.

நூலாசிரியருக்குரிய பாராட்டைக் குறைக்க நாம் விரும்பவில்லை. கடினமான அறிவியலைக் கதைபோல் சொல்லும் ஆற்றல் அவருக்குண்டு. நமீபியாவின் சான் மக்கள், சைபீரியப் பனிவெளியின் சுக்சி மக்கள், மதுரைப் பக்கத்துச் சிற்றூரார், அமெரிக்க நவஹோ மக்கள் அனைவரையும் ஒரே கூரைக்கீழ் உட்கார்த்திவைக்கிறார். நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரிப்பது எவ்வளவு மேலோட்டமானது என்பதை அவர் காட்டும் பக்கங்கள், எந்த மறையுரையாளரும் பொறாமைப்படத்தக்கவை. ஆயினும் படத்தில் ஒரு காட்சி நம்மை உறுத்திற்று. ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர் ஒருவரிடம், உங்கள் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோர் என விளக்குகிறார் வெல்ஸ். அவரோ ஏற்கவில்லை. தம் மக்கள் அந்த மண்ணிலேயே தோன்றியவர்கள் என்பது அவர் தம் முன்னோரிடம் கேட்டறிந்தது. அறிவியலாளர் வரலாற்றைச் சொல்கிறார். ஓவியரோ தாம் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதைச் சொல்கிறார். இவை இரண்டும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. தொடக்கநூலின் முதல் இயல்களைப் படைப்பின் நாட்குறிப்பாகப் படித்து இடர்ப்பட்ட நமக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். படம் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

மதுரைக் காட்சியில் உறுத்தல் இன்னும் கூடுகிறது. அதற்குக் காரணம் படத்தில் இல்லாத ஒரு செய்தி. இதே பிரமலைக் கள்ளர் மக்களை ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்பது அதன் பொருள். ஊர்தோறும் ஆடவர் கைரேகையைப் பதிந்தார்கள். மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது காவலர் சுட்டதில் பலர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் நீக்கப்பட்டது. பாட்டனார் உடலிலிருந்து ரேகையை எடுத்து 'நீ பிறவிக் குற்றவாளி' என்றது ஒரு காலம். பேரன் உடலிலிருந்து குருதியை எடுத்து 'நீ முதல் மனிதன்' என்கிறது மற்றொரு காலம். இரண்டாவது முன்னதைவிட எவ்வளவோ மேலானது, ஐயமில்லை. ஆனால் இரண்டிலும் பேசுகிறவர் வேறொருவர். உடலைக் கொடுத்தவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அறிவியல் நோக்கிலும் 'முதல் இந்தியர்' என்னும் பட்டம் நிற்காது. நமக்குத் தாய் தந்தையர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். இப்படிப் பத்துத் தலைமுறை மேலே சென்றால் 1,024 இடங்கள். ஒய் குரோமோசோம் சொல்வது அந்த 1,024 பேருள் ஒரே ஒருவரைப் பற்றி: தந்தைக்குத் தந்தைக்குத் தந்தை என நேர்கோட்டில் நிற்கும் அந்த ஒருவர். மற்ற 1,023 பேரும் அங்கே ஊமைகள். அவர்களுள் பலரிடமிருந்து ஓர் எழுத்துகூட நம் உடலுக்கு வந்து சேராதிருக்கலாம். அதனால் அவர்கள் நம் முன்னோர் அல்லர் என்றாகிவிடுமா? மேலும் அக்குலத்திலேயே எம்-130 சிலரிடம்தான் காணப்பட்டது. பலரிடம் வேறு குறிகள். ஆக, அது ஒரு குலத்தின் பெருமையும் அன்று, ஓர் ஊரின் உரிமையும் அன்று.

ஆண்வழியில் அனைவர்க்கும் பொதுவான மூதாதை 60,000 ஆண்டுக்கு முன் வாழ்ந்தார் என்று வெல்ஸ் எழுதினார். அவரை 'ஆதாம்' என அழைக்கும் வழக்கமும் பரவியது. 2013-இல் ஒரு வியப்பு நிகழ்ந்தது. அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் யாரோ ஓர் உறவினர், வீட்டிலிருந்தபடியே செய்யும் இப்பரிசோதனைக்கு ஒரு மாதிரியை அனுப்ப, அதுவரை அறியப்பட்ட எந்தக் கிளையிலும் அடங்காத ஆண்வழி அதில் வெளிப்பட்டது. அதனால் அந்தப் பொது மூதாதையின் காலம் இரண்டு இலட்சம் ஆண்டுக்கும் அப்பால் தள்ளிப்போயிற்று. அறிவியலில் இப்படித் திருத்தம் வருவது குறையன்று, அதன் நேர்மை. ஆனால் இந்த 'ஆதாம்' தம் காலத்தில் தனியாய் வாழ்ந்தவர் அல்லர். பிற ஆடவர் பலரும் உடன் வாழ்ந்தனர், அவர்களுடைய ஆண்வழி மட்டுமே இற்றுப்போயிற்று. இவரைத் தொடக்கநூலின் ஆதாமோடு குழப்பி மறைக்கல்வி வகுப்பில் பேசுவோர் இருபக்கமும் தவறிழைக்கிறார்கள். ஓரிரு ஆசிரியர்கள் அப்படிப் பேசக் கேட்டிருக்கிறோம்.

நூலுக்குப் பின் வணிகம் வந்தது. வெல்ஸ் தலைமையில் நேஷனல் ஜியாகிராஃபிக் சங்கம் 2005-இல் தொடங்கிய திட்டத்தில் பொதுமக்களும் பணம் செலுத்திப் பங்கேற்றனர்; அதன் விற்பனை 2019-இல் நின்றது. அதற்குள் தனியார் நிறுவனங்கள் களத்தை நிரப்பிவிட்டன. இந்நிறுவனங்கள் நம் மரபணுவின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளையும் படிப்பதில்லை. ஆறேழு இலட்சம் இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கின்றன. பிறகு, இன்ன நாட்டார் எனத் தாங்கள் முன்பே திரட்டி வைத்துள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு, இத்தனை விழுக்காடு இந்நாடு, இத்தனை விழுக்காடு அந்நாடு எனக் கணக்குச் சொல்கின்றன. ஒப்பிடும் தொகுப்பு மாறினால் விடையும் மாறும். 2019-இல் கனடா ஒலிபரப்பு நிறுவனத்தார் ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரியரின் உமிழ்நீரை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தனர். நிறுவனத்துக்கு நிறுவனம் விடை வேறுபட்டது மட்டுமன்று, ஒரே நிறுவனத்திடமும் அக்காளுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று வந்தது. நம்மவர்க்கோ பெரும்பாலும் 'தென்னிந்தியாவும் இலங்கையும்' என ஒரே வரி வருகிறது. இதை அறிய நூறு டாலர் செலவிட்டதாக ஓர் இளைஞர் நம்மிடம் சொன்னபோது, இலால்குடியில் இருக்கும் அவர் பாட்டியார் ஒரு குவளை மோருக்கே இதைவிட அதிகம் சொல்லியிருப்பாரே என எண்ணிக்கொண்டோம்.

நாட்டைச் சொல்லும் பகுதியைவிட உறவினரைக் காட்டும் பகுதிதான் கூர்மையானது. இருவர் மரபணுவில் எவ்வளவு பங்கு ஒத்திருக்கிறது என அளந்து, இவர் உங்களுக்கு இன்ன உறவாக இருக்கலாம் என்று அந்நிறுவனங்கள் தெரிவிக்கின்றன. இங்கேதான் தமிழ் வாசகர் சற்று நின்று நோக்க வேண்டும். மாமன் மகளும் சித்தப்பா மகளும் நம்மோடு சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்வோர். குழாய்க்கு இருவரும் ஒன்றே. நமக்கோ ஒருத்தி முறைப்பெண், மற்றொருத்தி தங்கை. அண்ணன் தம்பி மக்களைப் பங்காளி என்றும், அக்காள் தங்கை மணந்து போன வீட்டை மாமன் மச்சான் வீடு என்றும் வகுத்து வாழ்ந்த சமூகம் இது. 'முறை' என்னும் சொல்லுக்கு எந்த அளவுகோலிலும் விழுக்காடு கிடையாது. மேலும் தலைமுறை தலைமுறையாக அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணந்து வந்த குடும்பங்களில், தூரத்து உறவினர்கூட மிக நெருங்கியவர்போல அக்கணக்கில் தோன்றுவார்கள். ஐரோப்பியக் குடும்பத்தை மனத்திற்கொண்டு செய்த கணிப்பு நம்மிடம் வழுக்குகிறது. நம் திருச்சபைச் சட்டமும் இதில் நமக்கு முழுதும் பொருந்தி வந்ததில்லை என்பதைப் பங்குத்தந்தையர் அறிவர். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி பக்கவழி உறவில் நான்காம் படிநிலை வரை திருமணத்துக்குத் தடை. மாமன் மகள் நான்காம் படியில் வருகிறாள், அக்காள் மகள் மூன்றாம் படியில். ஆகவே ஊரே 'முறை' என்று மகிழும் திருமணத்துக்கு ஆயரிடம் விதிவிலக்கு கேட்டு விண்ணப்பம் எழுதுகிறோம். உரோமைக்கு மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒன்றே, குழாய்க்கு ஒன்றாயிருப்பதைப் போல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நெருங்கிய மணங்களால் பிள்ளைகளுக்கு நேரும் பிறவி நோய்களைப் பார்த்தவர்கள் அத்தடையின் பயனையும் அறிவர்.

சாதியைப் பற்றி வெல்ஸ் அதிகம் பேசவில்லை. அவருக்குப் பின் வந்தோர் பேசினர். ஐதராபாத்து உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 4,200 ஆண்டுக்கும் 1,900 ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டின் பெரும்பாலான மக்கட் குழுக்கள் தமக்குள் கலந்தன என்றும், அதன்பின் அக்கலப்பு நின்று அகமணம் இறுகியது என்றும் கூறுகிறது. இறுக்கத்துக்கு முன் கலப்பு இருந்தது என்பதே அதன் கருத்து. இதைப் படித்தபின்னும் தூய குருதி என்று பேசுவோரை எந்த ஆய்வுக்கூடமும் திருத்தாது. நம் திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதியின் பெயரால் எழுந்த சுவரைப் பற்றி எத்தனையோ ஆண்டுகளாக எழுதியும் போராடியும் வந்திருக்கிறார்கள். ஒரே தொட்டியில் திருமுழுக்குப் பெற்றவர்களின் எலும்புகளுக்கிடையே சுவர்! அச்சுவரின் இருபுறமும் மண்ணைத் தோண்டி எலும்பை ஆய்வுக்கு அனுப்பினால் என்ன விடை வரும் எனச் சிலர் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. நமக்கு அக்கேள்வி பிடிப்பதில்லை. விடை வேறுவேறாக வந்துவிட்டால் சுவர் சரியென்று ஆகிவிடுமா? சமத்துவத்தை மரபணுவின்மேல் கட்டுவோர், நாளை மரபணு வேறு சொன்னால் எங்கே நிற்பார்கள்?

இனி ஷாப்பிரோவின் நூல். அவர் பக்தியுள்ள யூதக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். தந்தை பால் ஷாப்பிரோ ஆசார யூதர். மகள் இருபத்து மூன்று வயதாயிருக்கையில் கார் விபத்தில் இறந்தவர். தாயும் பின்னர் மறைந்தார். 2016-இல் கணவர் சோதனைக்குழாய் வாங்கியபோது, பெரிய நோக்கம் ஏதுமின்றி இவரும் உமிழ்ந்து அனுப்பினார். விடை வந்தது: பாதியளவே யூத மரபு. தந்தையின் முதல் மணத்துப் பிள்ளையான தமக்கையோடு ஒப்பிட்டால், இருவருக்கும் குருதித் தொடர்பே இல்லை. தம்மைத் தோளில் சுமந்தவர் தம்மைப் பெற்றவர் அல்லர் என்று ஐம்பத்து நான்காம் வயதில், கேட்டுத் தெளியப் பெற்றோர் இருவருமே இல்லாத நிலையில் அவர் அறிகிறார். குழந்தைப்பேற்றுக்காகப் பிலடெல்பியாவிலிருந்த ஒரு மருத்துவ நிலையத்தைப் பெற்றோர் நாடியிருக்கின்றனர். அங்கே முகமறியாத மருத்துவ மாணவர்களின் வித்தைப் பயன்படுத்துவதும், சில வேளை கணவருடையதோடு கலந்துவிடுவதும் வழக்கம். உண்மை தம்பதியருக்கே உறுதியாகத் தெரியாதிருக்கட்டும் என்பது ஏற்பாடு. பெற்றவரை ஓரிரு நாளிலேயே இணையவழி கண்டுபிடித்துவிடுகிறார் ஆசிரியர். கண்டுபிடித்த பிறகுதான் நூலின் உண்மையான துயரம் தொடங்குகிறது.

இந்நூலை வாசிக்கையில் நம் திருச்சபை 1987-இல் சொன்னது நினைவுக்கு வந்தது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அவ்வாண்டு வெளியிட்ட 'தோனும் வீத்தே' என்னும் அறிவுறுத்தல், திருமணத்துக்கு வெளியேயுள்ள ஒருவரின் வித்தால் குழந்தையைப் பிறப்பிப்பது குழந்தையின் உரிமையையே பறிப்பதாகும், தன் பெற்றோர்வழித் தோற்றத்தோடு அதற்குள்ள பிணைப்பை அறுப்பதாகும் என எச்சரித்தது. அன்று அதைக் குழந்தையில்லாத் தம்பதியரிடம் இரக்கமற்ற சட்டம் என்று பலர் குறைகூறினர். அக்குழந்தையே வளர்ந்து, எழுத்தாளராகி, தன் வாயாலேயே அப்பிணைப்பு அறுந்த வலியைச் சொல்லும் நூல் இது. ஷாப்பிரோ கத்தோலிக்கர் அல்லர்; திருச்சபையின் போதனைக்குச் சான்று தேடி எழுதியவரும் அல்லர். ஆதலால்தான் அவர் சான்று கனமானது.

ஆயினும் ஓரிடத்தில் நாம் அவரோடு உடன்படவில்லை. பொன்னிற முடியும் நீல விழியும் கொண்ட தம்மை 'யூதப் பெண்போல இல்லையே' என ஊரார் சிறுவயது முதல் சொன்னதையும், பெற்றவரின் உரைக்காட்சி ஒன்றில் அவருடைய கையசைவு தம்முடையதாகவே இருந்ததையும் கண்டு, தம் வாழ்நாள் முழுதும் இருந்த ஏதோ ஓர் அந்நிய உணர்வுக்கு விளக்கம் கிடைத்துவிட்டதாக ஆசிரியர் எழுதிச் செல்கிறார். எந்தக் குடும்பத்திலும், எந்தக் குருதிப் பிள்ளைக்கும், 'நான் இவர்களுடையவன்தானா' என்னும் உணர்வு வருவதுண்டு. அதையெல்லாம் மரபணுவின் கணக்கில் எழுதிவிட்டால் மனித உள்ளத்தின் ஆழம் எங்கே போயிற்று? நூலின் மிகச் சிறந்த பகுதி இவ்விளக்கங்களுக்கு வெளியே இருக்கிறது. தந்தையின் உடன்பிறந்தாளான தொண்ணூறு வயது கடந்த அத்தையிடம், தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்கிறார் மருமகள். அம்மூதாட்டி அவரைத் தள்ளவில்லை. நீ எங்கள் வீட்டுப் பெண்தான் என்னும் உறுதியை அன்போடு அளிக்கிறார். ஆய்வுக்கூடம் அறுத்ததை ஓர் அத்தை முடிந்துவைக்கும் அந்தப் பக்கங்களை வாசிக்கையில் நமக்குக் கண் கலங்கிற்று.

அத்தை செய்ததை மத்தேயு நற்செய்தியாளர் முன்பே செய்துவிட்டார். அவர் நற்செய்தி ஆபிரகாமில் தொடங்கும் வம்சவழிப் பட்டியலோடு திறக்கிறது. பதினான்கு, பதினான்கு, பதினான்கு என மூன்று பகுதியாகத் தலைமுறை எண்ணுகிறார் (எண்ணிப் பார்த்தால் கடைசிப் பகுதியில் ஒன்று குறைவதாகத் தோன்றும், விவிலிய அறிஞர்கள் இதற்கு விதவிதமாய் விளக்கம் தருவர்). பட்டியல் எங்கே முடிகிறது? மரியாவின் கணவரான சூசையப்பரில். அடுத்த வரியிலேயே, பிறந்த குழந்தை சூசையப்பரால் பிறந்ததன்று என அறிவிக்கிறார் நற்செய்தியாளர். அப்படியானால் இத்தனை பெயர்களையும் ஏன் அடுக்கினார்? அக்குழந்தைக்குப் பெயரிடும் பொறுப்பு சூசையப்பருக்கு வானதூதரால் தரப்படுகிறது. பெயரிட்டதனால் தாவீதின் குலம் முழுவதும் அக்குழந்தைக்கு உரியதாகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2020 திசம்பர் 8-ஆம் நாள் சூசையப்பரைப் பற்றி எழுதிய திருத்தூது மடல், பொறுப்பேற்பதில்தான் தந்தைமை தொடங்குகிறது என்பதை விரித்துரைக்கிறது.

அதே பட்டியலில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என நான்கு பெண்கள் இடம்பெறுவதை நாம் அறிவோம். இவர்களுள் ரூத்து மோவாபியப் பெண். மோவாபியர் பத்தாம் தலைமுறை வரை ஆண்டவரின் சபையில் சேரலாகாது என்பது இணைச்சட்ட நூலின் விதி. தாவீது அரசரோ அந்த ரூத்தின் கொள்ளுப்பேரன். இதற்கு நேர்மாறான காட்சியும் விவிலியத்திலேயே உண்டு. பாபிலோனிலிருந்து திரும்பிவந்த குருக்குடும்பங்கள் சில தம் வம்சப் பதிவைத் தேடிக் காணாததால் குருத்துவத்திலிருந்து விலக்கப்பட்டதை எஸ்ரா நூல் பதிவு செய்கிறது. இறைமக்கள் வரலாற்றில் இரண்டு போக்கும் இருந்தன. முடிவற்ற வம்சாவளிகளில் காலம் கழிக்க வேண்டாம் எனத் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட மடல் தடுப்பதைப் பார்த்தால், தொடக்கத் திருச்சபையிலும் இந்த நாட்டம் ஓங்கியிருந்தது போலும்.

உறவு என்பது கொடுத்து வாங்குவதில் நிலைபெறுவது என்பதைக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் வாழ்வோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சமயபுரத்து மாரியம்மன் திருவரங்கத்து அரங்கநாதருக்குத் தங்கை என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. தைப்பூசத்தன்று அம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருள, அரங்கன் கோயிலிலிருந்து பட்டும் மாலையும் மங்கலப் பொருள்களுமாகச் சீர்வரிசை வருகிறது. ஒருவர் வைணவப் பெருங்கோயிலின் பெருமாள். மற்றவர் எளிய மக்களின் அம்மன். எந்தப் புராண வம்சவழியைக் கொண்டு இதை நிறுவுவது எனப் பண்டிதர்கள் வாதிடட்டும். ஆண்டுதோறும் சீர் வருகிறது. ஆகவே அண்ணன் தங்கை. நம் சமய நம்பிக்கை வேறு என்றாலும், உறவைப் பற்றிய இம்மண்ணின் அறிவில் நமக்கும் பங்குண்டு. நம் ஞானப்பெற்றோர் முறையும் அத்தகையதே. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு ஞானப்பெற்றோருக்கும் ஞானப்பிள்ளைக்கும் இடையே திருமணத்தையே தடுத்தது. நீரால் வந்த உறவைக் குருதி உறவாகவே அது மதித்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இல்லை.

சோதனையே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. கரும்பு வெட்டவும் தோட்ட வேலைக்கும் கப்பலேறிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இரியூனியன் தீவிலும் மொரீசியசிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கிறார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து தர்பன் துறை சேர்ந்த 'துரூரோ' கப்பல் முதலாகப் பயணிகள் பட்டியல்கள் உள்ளன. பெயர்கள் ஆங்கில எழுத்தரின் காதில் விழுந்தபடி சிதைந்து கிடக்கின்றன. பிரெஞ்சுத் தீவான இரியூனியனுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியே சென்றோர் பலர் அங்கே திருமுழுக்குப் பெற்றுப் புதுப்பெயர் ஏற்றனர். பழைய பெயர் மறைந்தது. ஆவணம் அற்றுப்போன அத்தகையோர்க்கு மரபணு ஒரு திசையையேனும் காட்டுகிறது. அங்கிருந்து ஊர் தேடி வருவோர் சிலர் பங்குப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்கும்போது, நாமும் இலத்தீனில் எழுதிய பழைய ஏட்டை எடுத்து விரல் வைத்துத் தேடியதுண்டு. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அந்தோணியின் மகன் சவரிமுத்து என்றால் எந்த அந்தோணி, எந்தச் சவரிமுத்து? ஆயினும் அவர்கள் வந்தது விழுக்காட்டை அறிய அன்று. எங்கேனும் ஒரு பெயரைக் கண்ணால் காண.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. துப்புகிறவர் தம்முடையதை மட்டும் கொடுப்பதில்லை. உடன்பிறந்தோர், பிள்ளைகள், பங்காளிகள் அனைவருடையதையும் அவர்களைக் கேளாமலே கொடுக்கிறார். 2018-இல் கலிபோர்னியாவில் பழங்குற்றவாளி ஒருவனைக் காவல்துறை பிடித்தது, அவன் கொடுத்த மாதிரியால் அன்று. அவனுடைய தூரத்து உறவினர் பொதுத் தொகுப்பில் இட்டிருந்தவற்றால். குற்றவாளி அகப்பட்டதில் மகிழ்ச்சியே. ரேகைச் சட்டத்தைக் கண்ட மண் இது என்பதால் அடுத்த பக்கத்தையும் எண்ணுகிறோம். 2023-இல் 'இருபத்துமூன்றும் நானும்' எனப் பொருள்படும் பெயருடைய பெருநிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 69 இலட்சம் பேருடைய விவரங்கள் திருடப்பட்டன. 2025 மார்ச்சில் அது திவாலானதாக விண்ணப்பித்தது. அதன் உடைமைகளை, நிறுவியவருள் ஒருவரே தொடங்கிய ஓர் அமைப்பு சூலையில் 30 கோடியே 50 இலட்சம் டாலருக்கு வாங்கிற்று. அவ்வுடைமைகளுள் கோடிக்கும் மேற்பட்டோர் உடலின் எழுத்துகளும் அடக்கம்.

இன்னொன்று பங்குத்தந்தையர்க்கே உரிய சிக்கல். இப்பரிசோதனையால் தந்தை வேறு என அறிந்த ஒருவர் வந்து, திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தை பெயரை மாற்றித் தருமாறு கேட்டால் என்ன செய்வது? முறையான திருமணம் யாரைக் காட்டுகிறதோ அவரே தந்தை, தெளிவான சான்றுகளால் மாறாக நிறுவப்பட்டாலன்றி, என்பது 1138-ஆம் சட்டம். நாட்டின் சட்டமும் இதையொட்டியதே. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, இன்று பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 116-ஆம் பிரிவு, திருமண உறவு நிலைத்திருக்கையில் பிறந்த குழந்தையை அக்கணவரின் பிள்ளையாகவே கொள்கிறது. குழந்தையின் நிலையைக் குலைக்கும் சோதனைக்கு நீதிமன்றங்கள் எளிதில் ஆணையிடலாகாது என உச்ச நீதிமன்றம் 1993-இல் கௌதம் குண்டு வழக்கில் கூறியது. தபாலில் வந்த தாள் ஒன்று நம் திருச்சபைச் சட்டம் கேட்கும் 'தெளிவான சான்று' ஆகுமா என்பதைப் பங்குத்தந்தை தாமே முடிவு செய்தல் தகாது. விண்ணப்பத்தை ஆயரகத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரை ஏட்டில் ஓர் எழுத்தையும் அடிக்கலாகாது. மணமாகாத தாயின் குழந்தையையும், தத்துப் பிள்ளையையும் எப்படிப் பதிவது என 877-ஆம் சட்டம் வகுத்துத் தந்திருக்கிறது. ஐம்பது வயதில் வேறு தந்தையோடு வந்து நிற்கும் மகனுக்கோ மகளுக்கோ அதில் தனி விதி இல்லை.